அப்பச்சி நாற்காலியில் 41 ஹெர்ட்ஸ்

"படம் நல்லாத்தான் இருக்கு, ஆளுக பேசுறதுதான் பிடிபடல" என்று அப்பச்சி முதல் தடவை சொன்னது போன ஐப்பசியில். எங்கள் பக்கத்தில் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம். வெளியே நல்ல மழை. முற்றத்துத் தகரத் தூம்புகளிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் மூன்றாம் கட்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மழையால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை சொன்னபோது மழை இல்லை. வயது 78 ஆகிறது, காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வசனம் வருகிற நடு ஸ்பீக்கரை இரண்டு டெசிபல் ஏற்றினேன். அடுத்த மாதம் இன்னும் இரண்டு. மூன்றாம் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் படத்தில் எழுந்து, "நீ பாருப்பா, நான் செத்த நேரம் சாய்ஞ்சுக்கிறேன்" என்று போய்விட்டார். அப்புறம் மாசி மாதம் வரைக்கும் அந்த அறைக்குள் அவர் வரவே இல்லை.

அவருக்காகச் செய்த ஹோம் தியேட்டர் அறை அது. ஏ.வி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன்னால் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்ததே, அந்தக் காலத்தில் வேலிக்கு வெளியே நின்று படப்பிடிப்பு பார்த்த கதையை அப்பச்சியின் அப்பாவான ஐயா அவருக்குச் சொல்லி, அப்பச்சி எனக்குச் சொல்லி, எங்கள் வீட்டில் சினிமா மூன்று தலைமுறைப் பிரியம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவருக்கு இப்போது தியேட்டர் படிக்கட்டு ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் எங்கள் பங்குக்கு வந்த மூன்றாம் கட்டில், ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்திருந்த அறையைக் காலி செய்து, திரை, ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர்களை ஓட்டும் ஏவிஆர் பெட்டி, பேஸ் என்கிற தாழ்ந்த சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கராகிய சப்வூஃபர் இரண்டு என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். அளந்து அளந்து ட்யூன் செய்தேன். காரைக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் நண்பர்கள் வந்து கேட்டுவிட்டு, இந்த மாதிரி பேஸ் எங்கேயும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் எல்லாரும் கேட்டது நடு நாற்காலியில் உட்கார்ந்து. என் நாற்காலி அது. விருந்தாளி வந்தால் அவருக்கு அதைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நிற்பேன்.

நெல் அறையின் கணக்கு

அறை 24 அடி நீளம், 14 அடி அகலம், 15 அடி உயரம். சுவர் இரண்டடி கனம். முகப்பில் இருப்பது போல முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பளபளப்பு நெல் அறைக்குக் கிடையாது என்றாலும், சுண்ணாம்புப் பூச்சு கல்லாக இறுகிக் கிடக்கிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல். ஹோம் தியேட்டர் பற்றி நமக்குப் படிக்கக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பேஸ் அடிக்கும்போது அந்தச் சுவரே கொஞ்சம் அசைந்து சத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், இன்னொரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் சுவர் எதையும் தின்பதில்லை, விடுவதும் இல்லை. சப் நின்ற பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்துகொண்டே இருக்கும். பரணிலிருந்த இலவம்பஞ்சு மெத்தைகளை மூலைக்கு மூலை அடுக்கிப் பார்த்தேன். கைதட்டினால் கிணுகிணுத்த எதிரொலி போயிற்று. தாழ்ந்த சத்தம் துளிகூட அசையவில்லை. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 தடவை அதிரும் அலையின் நீளம் 28 அடிக்கு மேல். அதில் கால் பங்கு ஏழடி. அரையடி மெத்தைக்கு அது அடங்காது.

கணக்கு எளிதுதான். ஓர் அலையின் பாதி நீளம் இரண்டு சுவருக்கும் நடுவில் சரியாகப் பொருந்தினால் அந்த அலை அறைக்குள் நிலைகொண்டுவிடும். நம் ஊர் வெயிலில் சத்தத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 348 மீட்டர். அதை வைத்துப் பார்த்தால் என் அறையின் நீளத்துக்கு 24 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 41, உயரத்துக்கு 38. அகலமும் உயரமும் ஓரடிதான் வித்தியாசம் என்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. நெல் கொட்டக் கட்டியவர்களிடம் இதைப் போய்க் கேட்க முடியாது.

நிலைகொண்ட அலைக்கு ஒரு குணம் உண்டு. சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் ஒன்றுமே இருக்காது. 14 அடி அகலத்தில் ஏழாவது அடியில் 41 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய செத்துவிடும். என் நாற்காலி சரியாக அந்த ஏழாவது அடியில். அப்பச்சியின் நாற்காலி இடது சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி. கழிவறைக்குப் போக வர வசதி என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். வலது சுவரில் நடைக்குத் திறக்கும் இரண்டு கதவுகள், இரண்டுக்கும் நடுவில் அப்பத்தாவின் பெட்டகம். அங்கே இடம் இல்லாததால் இரண்டு சப்பையும் இடது சுவரின் முன் மூலையிலும் பின் மூலையிலும் வைத்திருந்தேன். அதாவது அகலத்து அலையை எழுப்ப எதைச் செய்ய வேண்டுமோ அதை இரண்டு சப்பும் சேர்ந்து செய்துகொண்டிருந்தன.

முதல் நாள் மைக்கை என் காது உயரத்தில் நிறுத்தி அளந்தபோது, அளவுக் கோட்டில் 41 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய பள்ளம் தெரிந்தது. சுற்றியிருந்ததைவிட 15 டெசிபல் கீழே. அப்போது எனக்குத் தெரிந்த மருந்து, குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்குகிற ஈக்யூதான். அந்த இடத்தில் ஒன்பது டெசிபல் ஏற்றினேன். முழுதாக நிரம்பவில்லை, இருந்தாலும் கோடு பார்க்க அழகாக வந்தது. ஒரு நாள் இரவு முழுக்க அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

அவர் இடத்தில்

மாசியில் ஒரு மத்தியானம். மடிக்கணினியில் சார்ஜ் இல்லை. அந்த அறையில் சுவர் பிளக் இருப்பது இடது பக்கம் மட்டும்தான். அதனால் அப்பச்சியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மழைக் காட்சியை ஓடவிட்டேன். எனக்கு மனப்பாடமான காட்சி. இரண்டு பேர் வாசலில் நின்று பேசுவார்கள், பின்னால் இடி உருளும். என் நாற்காலியில் அந்த இடி தூரத்தில், வயல் தாண்டி எங்கோ உருளும்.

இங்கே அது தூரத்தில் இல்லை. முதல் உருட்டலிலேயே காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அமுக்கியது போல ஆயிற்று. ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் கண்ணாடி ஒரே சுருதியில் அதிருமே, அது போல ஒரு ரீங்காரம் வந்து நின்றது. போகவில்லை. காட்சியில் இடி முடிந்து அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். ரீங்காரம் இன்னும் இருந்தது. அவள் உதடு அசைந்தது தெரிந்தது. மனப்பாடமான வசனம் என்பதால் எனக்குப் புரிந்தது. முதல் தடவை பார்க்கிற ஒருவருக்குப் புரிய வழியே இல்லை. நடு ஸ்பீக்கரை நான் நான்கு டெசிபல் ஏற்றி வைத்திருந்ததால் குரல் சத்தமாக மட்டும் இருந்தது, தெளிவாக இல்லை. தாழ்ந்த சத்தம் பெருத்துவிட்டால் அது தனக்கு மேலே உள்ள சத்தங்களை மூடிவிடும். நம் காதின் அமைப்பே அப்படி. வயதானால் குறைவது பெரும்பாலும் உச்சத்துச் சத்தம்தான். ச, த, க எல்லாம் தெளிவாகக் கேட்கிற பகுதி. தாழ்ந்த சத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆக எது குறைந்து போயிருந்ததோ அதை மூடிவிட்டு, எது நன்றாகக் கேட்குமோ அதைக் கொண்டுபோய் அவர் காதருகே குவித்திருக்கிறேன்.

கை நடுங்க யூமிக்-1 என்ற அளவு மைக்கை அவர் தலை இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஆர்.ஈ.டபிள்யூ. என்ற அளவு மென்பொருளில் 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு அளந்தேன். 41இல் 17 டெசிபல் மேடு. அதில் எட்டு அறையினுடையது. மீதி ஒன்பது என்னுடையது. என் பள்ளத்தை நிரப்ப நான் கொட்டிய மண் முழுவதும் அவர் மடியில் போய் விழுந்திருக்கிறது. அத்தனை மாதமும் அந்த இரண்டு சப்பின் கூம்பும் பாதி நேரம் எனக்குக் கேட்காத வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். "அப்பச்சி, அந்த நாற்காலியில உக்காந்தா காது அடைக்குதுன்னு நீங்க ஏன் சொல்லல?" இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ அம்புட்டு ஆசையாச் செஞ்சிருக்க. அதுல போயி நொட்டம் சொல்லுவாகளா" என்றார். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் பல வருஷமாக இருக்கிறேன். நடு நாற்காலி என்ற சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்குப் படுத்தேன்.

பெட்டகத்தை நகர்த்திய கதை

ஒன்றுக்கு மேற்பட்ட சப் எதற்கு என்று கேட்டால் பலரும் அதிக அதிர்வுக்கு என்பார்கள். அது கிடைக்கும் என்பது உண்மை. இரண்டு சப் ஒன்று சேர்ந்து ஒலித்தால் ஆறு டெசிபல் கூடும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், ஒரு சப் எழுப்பும் அலையை இன்னொரு சப் அமர்த்தலாம் என்பது. 2002இல் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி, செவ்வக அறையில் எத்தனை சப்பை எங்கெங்கே வைத்தால் எல்லா இருக்கைக்கும் பேஸ் ஒன்றுபோல வரும் என்று கணித்துக் காட்டினார். நான்கு சுவரின் நட்ட நடுவில் ஒவ்வொன்று என்பது அவர் கண்ட நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. எதிரெதிர்ச் சுவரின் நடுவில் இரண்டு வைத்தாலே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். இதை நான் எப்போதோ படித்திருந்தேன். படித்தபோது, நமக்கென்ன, ஒரு நாற்காலி சரியாக இருந்தால் போதும் என்று தாண்டிப் போனேன்.

ஏன் அது வேலை செய்கிறது என்பதை என் அறையை வைத்தே சொல்கிறேன். இடது சுவர் நடுவில் ஒரு சப், வலது சுவர் நடுவில் ஒரு சப். 41 ஹெர்ட்ஸ் அலையில் ஒரு சுவரில் அழுத்தம் ஏறும்போது எதிர்ச் சுவரில் இறங்கும். இரண்டு சப்பும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஒன்று அந்த அலையைத் தூண்டுகிறது, மற்றது அடக்குகிறது. அலை எழும்பவே எழும்பாது. நீளத்து 24 ஹெர்ட்ஸுக்கு அறையின் நடு செத்த இடம், ஆகவே பக்கச் சுவர் நடுவில் இருக்கும் சப்பால் அதைத் தூண்டவும் முடியாது. முன் சுவர் நடுவிலும் பின் சுவர் நடுவிலும் இருக்கிற இரண்டும் அதே போல ஒன்றையொன்று அமர்த்திக்கொள்ளும். அடுத்த படியான 48, 82 ஹெர்ட்ஸ் அலைகளைக்கூடப் பக்கச் சப்புகள் ஒரு பக்கம் இழுக்க முன்பின் சப்புகள் மறு பக்கம் இழுத்துச் சமன் செய்துவிடும். இவ்வளவும் வெறும் இடத்தால் நடப்பது. ஈக்யூவில் ஒரு பொத்தானைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் வலது சுவரின் நடுவில் பெட்டகம் இருந்தது. அப்பத்தா சீராகக் கொண்டு வந்தது, பர்மாத் தேக்கு, உள்ளே எனாமல் சட்டியும் எவர்சில்வர் அடுக்கும் பித்தளைத் தூக்குவாளியும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் அதை ஒரு விரற்கடைகூட நகர்த்தியதில்லை. அப்பச்சியிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தயங்கினேன். கேட்டதும், "அவ இருந்தா அவளே நகத்தச் சொல்லியிருப்பா" என்று எழுந்து வந்து நின்றார். ஆறு பேர் வந்து தூக்கினார்கள். அது நின்ற இடத்தில் நெல் அறைக் காலத்துப் பழைய தளம் அப்படியே இருந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்தபோது பெட்டகத்தைச் சுற்றித்தான் பதித்திருக்கிறார்கள். வலது சப் இப்போது அந்தப் பழைய தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டகம் பின் மூலைக்குப் போனதும் ஒரு தொல்லை வந்தது. மூலையில் எல்லா அலைக்கும் அழுத்தம் உச்சம். 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்தேன். 31இல் ஜன்னல் கொக்கி. 52இல் பெட்டகத்துக்குள் ஏதோ ஒன்று சிணுங்கியது. திறந்து ஒவ்வொரு பாத்திரமாகத் தொட்டுப் பார்த்ததில், ஒரு தூக்குவாளியின் மூடி. அப்பத்தா பெயர் வெட்டியது. அதற்கும் வாளிக்கும் நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டை மடித்து வைத்தேன், அடங்கியது.

நான்கு சப்பும் ஒரே ரகமாக இருந்தால்தான் ஒன்றையொன்று ஒழுங்காகச் சமன் செய்யும் என்பதால் அதே மாடலில் இன்னும் இரண்டு தேடி வாங்கினேன். அப்புறம் நான் செய்த தப்பு ஒன்றை மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில், நான்கு சப்புக்கும் என் நாற்காலியிலிருந்து தூரத்தை அளந்து, எல்லாச் சத்தமும் எனக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்படி சப்புகளுக்குப் போகும் சத்தத்தைத் திருத்துகிற மினிடிஎஸ்பி பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிலே, அதாவது தாமதம், கொடுத்தேன். என் இடத்தில் கோடு உயர்ந்தது. மற்ற நான்கு இருக்கையில் அளந்தால் நான்கும் நான்கு திசையில் ஓடின. யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. எதிரெதிர்ச் சப்புகள் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் அந்தச் சமன்பாடு நிற்கும். ஒன்றை மட்டும் சில மில்லி நொடி பின்னால் தள்ளினால் தராசு சாய்ந்துவிடும். மறுபடியும் நான் எனக்கு மட்டும் ட்யூன் செய்திருந்தேன். நான்கு டிலேயையும் பூஜ்யமாக்கினேன். ஐந்து இருக்கையிலும் அளந்து ஐந்து கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்று போட்டுப் பார்த்தேன். 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஐந்தும் பின்னிய சடை போலச் சேர்ந்தே போயின.

மிச்சமிருந்தது 38 ஹெர்ட்ஸ் மேடு. அது உயரத்து அலை. சப் நான்கும் தரையில், காது ஐந்தும் ஒரே உயரத்தில். ஆகையால் அந்த மேடு ஐந்து பேருக்கும் ஒரே அளவில் இருந்தது. அதை ஒரே ஒரு ஈக்யூ வெட்டால் ஏழு டெசிபல் இறக்கினேன். ஐந்து இடத்திலும் இறங்கியது. எல்லாருக்கும் பொதுவான குறையைத்தான் ஈக்யூவால் தீர்க்க முடியும் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கையில் பட்டது. நடு ஸ்பீக்கருக்கு ஏற்றியிருந்த நான்கு டெசிபலையும் எடுத்துவிட்டேன். கடைசியாக நான்கு சப்பையும் ஒரே சப்பாகப் பாவித்து, சப்பும் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரில் முன் ஸ்பீக்கர்களோடு சேரும்படி ஏவிஆரில் சப் தூரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். டேப் வைத்து அளந்த தூரத்தைவிட ஐந்தடி கூடுதலாகப் போட்டபோதுதான் சேர்ந்தது. டிஎஸ்பி பெட்டி எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

தேர் வருவது போல

இந்த ஏற்பாட்டில் ஒரு நஷ்டம் உண்டு. 24 ஹெர்ட்ஸ் அலை எழும்பாததால், எழும்பியிருந்தால் அறை சும்மா கொடுத்திருக்கும் பலமும் கிடைக்காது. 30க்குக் கீழே சப்புகள் சொந்தச் சக்தியில்தான் தள்ள வேண்டும். மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் கேட்க ஆரம்பிக்கவே 75 டெசிபலுக்கு மேல் வேண்டும். அந்தப் பகுதி கேட்பதைவிட உணர்வதுதான் அதிகம். அமெரிக்க வீட்டு மரத்தளம் சப்போடு சேர்ந்து குலுங்கி அந்த உணர்வைக் காலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆத்தங்குடிக் கல்லின் மேல் வெறுங்காலோடு நின்றால் குளிர்ச்சி தெரியும், வேறொன்றும் தெரியாது. அதற்காகத்தான் ஷேக்கர் வாங்கினேன். ஆங்கிலத்தில் டாக்டைல் டிரான்ஸ்டியூசர் என்பார்கள். கூம்பு இல்லாத ஸ்பீக்கர் மாதிரி; காற்றைத் தள்ளாமல், மாட்டியிருக்கும் சட்டத்தை உலுக்கும். முதல் இரண்டை அப்பச்சி நாற்காலிக்கும் அதற்குப் பக்கத்து நாற்காலிக்கும் அடியில், இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன். நாற்காலிக் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர். இல்லாவிட்டால் அதிர்வு தரைக்குப் போய் வீணாகும்.

முதல் நாள் அவர் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில், "மினி பஸ்ஸுல கடைசி சீட்டு மாதிரி இருக்குப்பா" என்றார். இந்தத் தடவை சொன்னாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. 80 ஹெர்ட்ஸ் வரை அனுப்பியிருந்தேன். ஆம்பிளைக் குரலின் அடிப்பகுதி, பாட்டின் டிரம், ஆட்டோ சத்தம் எல்லாம் நாற்காலியைத் தடவிக்கொண்டே இருந்தன. 40க்குக் கீழே மட்டும் போகும்படி வெட்டினேன். பாட்டும் பேச்சும் நாற்காலியை விட்டு இறங்கின.

அடுத்தது நேரம். சப்பின் சத்தம் காற்றில் நடந்து காதுக்கு வர வேண்டும், ஷேக்கருக்கு அந்த நடை கிடையாது. எட்டடியிலிருந்து வரும் சத்தத்துக்கு ஏழு மில்லி நொடி ஆகும். அந்த இடைவெளியில் நாற்காலி முதுகில் தட்டிவிடும், அப்புறம் சத்தம் வந்து கூப்பிடும். ஒரே ஒரு 30 ஹெர்ட்ஸ் அடியை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, ஷேக்கரின் டிலேயை ஒவ்வொரு மில்லி நொடியாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஒன்பதில் இரண்டும் ஒன்றாகி, அடி நாற்காலியிலிருந்து வருகிறதா திரையிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாமல் ஆயிற்று.

அப்பச்சியை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, எது என்ன என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை கைப்பிடியில் விரித்தபடி இருந்தது, மோதிர விரல் மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது. டிலே இல்லாமல் போட்டபோது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இது தேர் மாதிரி. கொப்புடையம்மன் தேர் வர்றப்ப, மாமா வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தா, சக்கரம் தெரியிறதுக்கு முந்தியே கல்லு சொல்லிரும். தொடையில தெரியும்." எனக்கு ஒரு நிமிஷம் இதுதான் சரியோ என்று தோன்றிவிட்டது. தேரில் உடம்புக்குத்தான் முதலில் தெரிகிறது, கண்ணும் காதும் அப்புறம். அடுத்து ஒன்பது மில்லி நொடியில் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தேருக்கு அது. இடிக்கு இதுதான். இடி எல்லாத்துக்கும் ஒண்ணா விழும்." ஒன்பதிலேயே நிறுத்திவிட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, இருக்கிறது என்று தெரியும் வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு மூன்று டெசிபல் இறக்குகிறேன். ஓடும்போது ஷேக்கர் என்ற ஒன்று நினைவுக்கு வரக் கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்தது தெரிய வேண்டும். என் நண்பர்களுக்கு இது போதவில்லை. இன்னும் உலுக்கலாமே என்கிறார்கள். அவர்கள் வரும்போது அவர்கள் நாற்காலிக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு, போனதும் இறக்கிவிடுகிறேன். எனக்கு அந்த உலுக்கல் வேண்டாம்.

சித்திரையில் அந்த மழைக் காட்சிப் படத்தை முழுதாகப் போட்டேன். வாசலில் நின்று அந்தப் பெண் பேசி முடித்ததும் அப்பச்சி என் பக்கம் திரும்பி, "இவ இதத்தான் சொன்னாளா? நான் வேற என்னமோன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வருகிற மாதம் வீட்டில் முன்னோருக்குப் படைக்கிற படைப்பு. பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், குழந்தைகளோடு முப்பது பேருக்குக் குறையாது. சாப்பாடு முடிந்ததும் படம் போடச் சொல்லி இப்போதே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். ஐந்து நாற்காலி எந்த மூலைக்கு? நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரிக்க வேண்டியதுதான். தரையில் உட்கார்ந்தால் காது இரண்டரை அடி உயரத்தில் இருக்கும், நாற்காலியைவிட ஓரடி கீழே. உயரத்து அலைக்குத் தரையில்தான் அழுத்தம் உச்சம் என்பதால், 38 ஹெர்ட்ஸ் அங்கே ஒன்றேகால் டெசிபலுக்குச் சற்று மேல் கூடும் என்கிறது கணக்கு. குழந்தைகள் படுத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். முன்வரிசைப் பாய்கள் முன் சுவர்ச் சப்புக்கு மிகவும் பக்கம் வேறு. கோரைப்பாய் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவற்றை விரித்து, மைக்கை இரண்டரை அடியில் நிறுத்தி, பன்னிரண்டு இடத்தில் அளக்க வேண்டும். தான் பாயில் உட்கார்ந்துகொண்டு எந்த இடம் என்று காட்டுவதாக அப்பச்சி சொல்லியிருக்கிறார். முழங்காலை நினைத்துத்தான் பயம்.